பட்டாளத்திலிருந்து திரும்பியவரின் மன அதிர்ச்சி: வீட்டார் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

போர்முனையிலோ தீவிரவாத எதிர்ப்புப் பணியிலோ இருந்துவிட்டு வீடு திரும்பிய ஒருவர் தூக்கமின்றி, சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு, யாரோடும் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பத்தாருக்காக இதை எழுதுகிறேன். மருத்துவர்கள் சீட்டில் இதைப் பி.டி.எஸ்.டி. என்று எழுதுவார்கள். தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் எனலாம். என் அண்ணன் காலாட்படையில் 17 ஆண்டு முடித்து, காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையிலுள்ள எங்கள் தோட்டத்துக்குத் திரும்பிய பிறகுதான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அதன் பின் தெரிந்தவர், உறவினர் என்று வேறு சில குடும்பங்களோடும் மருத்துவமனைக்குப் போய்வந்திருக்கிறேன்.

ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். "அங்கே என்ன நடந்துச்சு, மனசு விட்டுச் சொல்லு" என்று கேட்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தக் கதை கடைசியில், பயிற்சி பெற்றவர் முன்னிலையில், அவராகச் சொல்ல வேண்டியது. முதலில் உயிர், அடுத்து தூக்கம், அடுத்து குடி, அதன் பிறகு மருத்துவர், அதற்கும் பிறகே அந்தக் கதை. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு படியிலும் சொல்கிறேன்.

1. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

வீட்டில் ஒருவர் மட்டும் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். மனைவியோ தம்பியோ அக்காவோ, யாராக இருந்தாலும் சரி, ஆனால் ஒருவர்தான். நான்கு பேர் நான்கு விதமாக விசாரித்தால், தன்னைப் பற்றிப் பின்னால் பேசுகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு வலுக்கும். இந்த நோயில் சந்தேகமும் எச்சரிக்கை உணர்வும் ஏற்கெனவே மிகுந்திருக்கும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவராக இருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, இ.சி.ஹெச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை, பணியிலிருந்து விடுவிக்கும்போது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கை, பணிக்காலத்தில் ராணுவ மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் அதன் சீட்டுகள் ஆகியவை வேண்டும். இன்னும் பணியில் இருந்து விடுப்பில் வந்தவரானால் விடுப்புச் சான்றும் அடையாள அட்டையும் அவருடைய யூனிட்டின் தொலைபேசி எண்ணும் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். மூலத்தை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இந்தத் தாள்களெல்லாம் பெரும்பாலும் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். அவரைக் கேட்காமல் அதைத் திறக்காதீர்கள். ஒரு வீட்டில் மாமனார் நல்ல எண்ணத்தோடுதான் பூட்டை உடைத்தார். அடியில் சட்டைக்குள் சுற்றிவைத்திருந்த, இறந்துபோன நண்பரின் கைக்கடிகாரம் வெளியே வந்தது. அதன் பிறகு அந்த மருமகனை மருத்துவரிடம் அழைத்துப்போக ஐந்து மாதம் ஆயிற்று. "பென்ஷன் விஷயமா சில பேப்பர் வேணுங்க, நீங்களே எடுத்துக் குடுங்க" என்று கேட்டாலே போதும்.

2. உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை முதல் நாளே பாருங்கள்

தூக்கமின்மை, குற்றவுணர்வு, குடி ஆகிய மூன்றும் சேர்ந்தால் தற்கொலை எண்ணம் வருவது எளிது. ஆகவே இதை முதல் நாளே நேராகக் கேட்க வேண்டும். "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" என்ற அளவில் தெளிவாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, சொல்ல வழி தெரியாமல் இருந்தவருக்கு அது ஆறுதலாகவே இருக்கும். சுற்றி வளைத்துக் கேட்டால் அவரும் சுற்றி வளைத்தே பதில் சொல்வார்.

அடுத்து, கைக்கெட்டும் பொருள்கள். தோட்டத்துச் சாளையில் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் மோட்டார் ரூம் மூலையில்தான் இருக்கும். அவற்றை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். ஓய்வுக்குப் பின் வங்கிக் காவல் பணிக்காக உரிமத்துடன் சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அப்படி இருந்தால், அவர் சம்மதத்தோடு அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். "கொஞ்ச நாளைக்கு மட்டும், உங்க கையால நீங்களே குடுங்க" என்று சொன்னால் மறுப்பவர் குறைவு.

எண்ணம் மட்டும் உள்ளது என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். நாளும் வழியும் முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தால், எண்ணை அழைத்துக்கொண்டிருக்காமல் அவரைத் தனியே விடாது 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். வேறுவிதமாக நிறுவப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115இல் சொல்கிறது.

3. இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள்

எங்கள் வீட்டில் முதல் மாதத்தில் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேற்கே இருந்த கல்குவாரியில் வேட்டு வைத்தார்கள். எங்களுக்கு அது பழகிய ஓசை. கட்டுத்தரையில் நின்ற மாடுகூடத் தலையைத் தூக்கவில்லை. அண்ணன் எழுந்தது எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கையை ஊன்றிப் படுத்திருந்தார். இடது கை என் மகனின் தலையைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை விரல்களில் பருப்புச் சோறு அப்படியே ஒட்டியிருந்தது. பையன் அழுத பிறகுதான் அவர் கண்கள் எங்களைப் பார்த்தன. அன்று இரவு முழுக்க, பையன் தலையை அழுத்திய அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவரிடம் இதை மட்டும் சொன்னால் போதாது. நோயின் குறிகள் நான்கு வகைப்படும்: நடந்தது மீண்டும் நடப்பதுபோல் கனவிலும் விழிப்பிலும் வருவது, அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு ஆகியவற்றை ஒதுக்குவது, குற்றவுணர்வு, வெறுமை, பிள்ளைகள்மீதுகூடப் பாசம் எழாமை போன்ற மனமாற்றம், எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்துத் திடுக்கிடுவது, எரிந்து விழுவது, தூங்காமல் இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் பி.டி.எஸ்.டி. என்பார்கள். சம்பவம் நடந்து முதல் மாதத்துக்குள் வருவதற்குக் கடும் மனஅழுத்த எதிர்வினை என்று தனிப் பெயர் உண்டு. அது பலருக்குத் தானாகவே தணியும்.

சிலருக்கு ஆறு மாதம் கழித்தும், இன்னும் சிலருக்குப் பல ஆண்டு கழித்தும் நோய் முழுமையாக வெளிப்படும். 1987 முதல் 1990 வரை அமைதிப் படையில் இலங்கைக்குப் போய்வந்த ஒருவர், பணி, அடுத்த வேலை, பண்ணையம் என்று ஓயாமல் உழைத்துவிட்டு, மகள் கல்யாணம் முடிந்து வீடு காலியான பிறகுதான் இரவில் அலறத் தொடங்கினார். "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தார்" என்பதை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். வேலை அதைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

நோட்டில் உங்கள் கருத்தை எழுதாதீர்கள். கண்டதையும் நேரத்தையும் மட்டும் எழுதுங்கள். "ரொம்பக் கோபப்படுகிறார்" என்பது மருத்துவருக்குப் பயன்படாது. "செவ்வாய், இரவு 2.10: வியர்த்து எழுந்தார், வாசல் தாழ்ப்பாளை மூன்று முறை பார்த்தார், 4 மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்" என்பது பயன்படும். நோட்டு இருக்கிறது என்பதை அவருக்கும் சொல்லிவிடுங்கள். ரகசியமாக எழுதியது அவர் கையில் கிடைத்தால் உளவு பார்த்ததாகவே படும்.

குண்டு வெடிப்பின் அருகில் இருந்தவரானால், தலையில் அடிபட்டதா, மயங்கி விழுந்தாரா என்பதையும் அவரிடமோ சீட்டுகளிலோ தெரிந்து குறித்துக்கொள்ளுங்கள். மூளை அதிர்வின் விளைவான மறதியும் தலைவலியும் எரிச்சலும் இந்த நோயைப் போலவே தோன்றும். அதற்கான பரிசோதனை வேறு.

4. தூக்கத்தையும் வீட்டையும் ஒழுங்கு செய்யுங்கள்

மருத்துவரைப் பார்க்கும்வரை காத்திராமல் செய்யக்கூடியது இதுதான். தூக்கம் கொஞ்சமாவது சீரானால்தான் மருத்துவமனைக்கு வரவே அவர் சம்மதிப்பார்.

எழுப்பும் முறையை வீட்டிலுள்ள குழந்தைகள் உட்பட அனைவருக்கும் கற்றுக்கொடுங்கள். தோளைத் தொட்டு எழுப்பக் கூடாது. கட்டிலின் கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, பெயரையோ உறவுமுறையையோ சொல்லி இயல்பான குரலில் கூப்பிட வேண்டும். கனவின் நடுவில் தொட்டால், அவர் தொட்டவரை அடையாளம் காணும் முன்பே கை ஓங்கிவிடும். அடித்தபின் அவர் படும் வேதனை அந்த அடியைவிடப் பெரிது.

படுக்கும் இடத்தை அவரே தேர்ந்துகொள்ளட்டும். முதுகுக்குச் சுவரும் கண்ணுக்குக் கதவும் இருக்கும் மூலையைத்தான் பெரும்பாலும் எடுப்பார். அதை மாற்றச் சொல்லாதீர்கள். மெல்லிய விளக்கு ஒன்று எரியட்டும். விழித்த நொடியில் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிவதற்காக அது.

விழித்திருக்கும்போதே பழைய இடத்துக்குப் போய்விட்டவர்போல் அவர் வெறித்தால், இடத்தையும் நாளையும் சொல்லுங்கள்: "அண்ணா, நாந்தான். இது நம்ம தோட்டம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. மோட்டார் ஓடிட்டிருக்குது, கேக்குதுங்களா?" கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லுவது அவரை இந்த நேரத்துக்குக் கூட்டிவரும். "ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்பது உதவாது. அவருடைய உடம்புக்கு அங்கே ஏதோ இருக்கிறது.

ஓசைகளை முன்கூட்டித் தெரிவியுங்கள். நம் பக்கத்தில் வேட்டுச் சத்தம் தீபாவளியோடு முடிவதில்லை. குவாரி வேட்டு உண்டு, கிணறு வெட்டும்போது பாறைக்கு வைக்கும் வெடி உண்டு, மாரியம்மன் நோன்பிக்கு அதிர்வேட்டு உண்டு, கல்யாண வீட்டு வெடியும் உண்டு. குவாரிக்காரர்களிடம் எந்த நேரத்தில் வெடிப்பார்கள் என்று கேட்டு வாருங்கள்; எங்களுக்குத் தயங்காமல் சொன்னார்கள். அந்த நேரத்தைச் சமையலறைக் காலண்டரில் எழுதித் தொங்கவிட்டோம். எதிர்பார்த்த ஓசைக்கும் எதிர்பாராத ஓசைக்கும் உடம்பு காட்டும் எதிர்வினை ஒன்றல்ல.

இங்கேதான் அன்பு மிகுந்த குடும்பங்கள் தவறு செய்கின்றன. ஓசையே வேண்டாம் என்று அவரைக் கதவடைத்து வைப்பது, விசேஷங்களுக்கு அழைக்காமல் விடுவது, செய்தியே பார்க்க விடாமல் தொலைக்காட்சியைக் கழற்றுவது என்று போய்விடுவார்கள். ஒதுங்குவது இந்த நோயின் குறிகளில் ஒன்று. ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் ஆபத்தானதுதான் என்று மனம் உறுதிசெய்துகொள்ளும். ஆகவே அழையுங்கள், எப்போது எழுந்து போனாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லுங்கள். பேருந்தில் கடைசி வரிசை, மண்டபத்தில் வாசலோர நாற்காலி, பந்தியில் சுவரை ஒட்டிய இலை. இவ்வளவு இடம் கொடுத்தால் வருவார்.

5. குடியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள்

தூக்கத்துக்காகத் தொடங்கிய குடி, தூக்கத்தைக் கெடுத்துக் கனவைக் கூட்டும். ராணுவ கேண்டீனில் குறைந்த விலைக்குச் சரக்கு கிடைப்பதால் அளவு ஏறுவது வீட்டாருக்கு வெகுநாள் தெரிவதில்லை. அதனால் மருத்துவரைப் பார்க்கும் முன்னரே தினசரி அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், ஒரு நாளுக்குள் கை நடுக்கமும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதன்பின் குழப்பமும் மாயக் காட்சிகளும் வரக்கூடும், உயிரே போகலாம். கோயிலில் கயிறு கட்டி அன்றோடு நிறுத்தவைப்பது நம் ஊர் வழக்கம். கட்டட்டும், ஆனால் மருத்துவமனையில் சேர்த்து, மருந்தின் துணையோடு குறைக்க ஏற்பாடு செய்த பிறகு கட்டட்டும்.

"தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விற்கும் மாத்திரையையும் பொடியையும் வாங்காதீர்கள். அவற்றில் இருக்கக்கூடிய டைசல்பிராம் என்ற மருந்து, குடித்தவர் உடலில் கடும் எதிர்வினையை உண்டாக்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்து. அதைவிட, தன் சோற்றில் எதையோ கலந்தார்கள் என்று தெரிந்தபின் அவர் அந்த வீட்டில் யாரையும் நம்ப மாட்டார்.

6. எந்த வாசலுக்குப் போவது

அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே இது அமையும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அலைந்து வாரக்கணக்கில் இழந்தவர்கள் பலர்.

பணியில் இருந்து விடுப்பில் வந்தவர் ராணுவ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கொங்குப் பகுதிக்கு அருகில் உள்ளது நீலகிரியில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனை. மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் போய்ச் சேரலாம். விடுப்பு முடியுமுன்பே போய்விடுங்கள். "உடம்பு சரியில்லை, இன்னும் பத்து நாள் இருக்கட்டும்" என்று வீட்டிலேயே நிறுத்தி வைத்தால் அவர் அனுமதியின்றி வராதவர் ஆகிறார். 30 நாள் கடந்தால் ராணுவச் சட்டப்படி விசாரணை மன்றம் கூடும். நோயாளியாக நடத்தப்பட வேண்டியவர் ஓடிப்போனவராக ஏட்டில் ஏறுவதற்கு வீட்டாரின் பாசமே காரணமாகிவிடும்.

பணியில் இருப்பவரின் பெரிய அச்சம், மருத்துவ வகை குறைந்துவிடும் என்பது. ராணுவத்தில் உடல்தகுதியை ஐந்து கூறாகப் பிரித்து மதிப்பிடுவார்கள். அதில் முதலாவது மனநலம். அது குறைக்கப்பட்டால் சில பணிகளும் பதவி உயர்வும் பாதிக்கப்படலாம். இதை இல்லை என்று சொல்லி அவரை ஏமாற்றாதீர்கள். தற்காலிகக் குறைப்பு மறுஆய்வுக்கு உட்பட்டது, குணமானால் உயர்த்தப்படும், கையில் துப்பாக்கியோடு தூக்கமின்றி நிற்பதைவிட இது மேல் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்றவருக்கு 2003 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள இ.சி.ஹெச்.எஸ். திட்டம் உண்டு. முதலில் அத்திட்டத்தின் மருத்துவ நிலையமான பாலிகிளினிக்குக்குப் போய், அங்கிருந்து பரிந்துரைச் சீட்டு பெற்று, திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். சீட்டு இல்லாமல் நேரே போனால் செலவு உங்கள் தலையில் விழும். அவசர நிலையில் பட்டியல் மருத்துவமனைக்கு நேரே போகலாம். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்ச்சேர்ந்ததா என்பதை நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். அட்டை இல்லை, தாள் தொலைந்தது என்றால் மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்குங்கள்.

நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் அக்னிவீரருக்கு ஓய்வூதியமும் இல்லை, இ.சி.ஹெச்.எஸ். உறுப்பும் இல்லை. அவருக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் வாசல். கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெருந்துறையிலும் புறநோயாளிச் சீட்டு ஒன்றோடு, யாருடைய பரிந்துரையும் இன்றி மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

என் கருத்து இது: ஓய்வு பெற்றவரே ஆனாலும், பரிந்துரைக்காக ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், அதற்குள் அரசு மருத்துவமனையில் ஒரு முறை காட்டிவிடுங்கள். எங்களை ஓரிடத்தில் ஒரு கையெழுத்துக்காக மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை திரும்பி வந்த அன்று அண்ணன், இனி எங்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சம்மதம் ஒரு முறை கிடைப்பதே அரிது. அதை வரிசையில் நிற்பதில் செலவழிக்கக் கூடாது.

7. முதல் சந்திப்பும் மாத்திரையும்

உடன் ஒருவர் மட்டும் போங்கள். மருத்துவர் அவரைக் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, தேவையானால் வெளியே உட்காருங்கள். மனைவி முன்னால் சொல்லக் கூசும் செய்திகள் இதில் உண்டு.

இருபது கேள்வி கொண்ட ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லலாம். மொத்தம் 80 மதிப்பெண். 31 முதல் 33ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல் வந்தால் ஆழ்ந்து பார்ப்பார்கள். அது தேர்வு அல்ல, அந்த எண் மட்டுமே நோயை முடிவு செய்வதும் இல்லை.

செர்ட்ரலின், பராக்ஸெடின் வகை மாத்திரைகளைப் பொதுவாக முதலில் எழுதுவார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் வரலாம். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும் உண்டு. ஆண்கள் பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணம் இதுவே. முன்னரே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு.

அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க மாத்திரைகளை மருந்துக் கடையில் சொந்தமாக வாங்கித் தராதீர்கள். அன்றைக்குத் தூங்குவார், ஆனால் பழக்கமாகும், குடியோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும், நோயின் மூலத்தைத் தொடாது.

"இப்ப நல்லாயிட்டார்" என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்துவதுதான் நான் மிக அதிகம் கண்ட தவறு. நன்றாக இருப்பது மாத்திரையால்தான். மருத்துவர் சொல்லும்வரை, மாதக்கணக்கில் ஆனாலும் தொடர வேண்டும், நிறுத்துவதும் படிப்படியாகத்தான்.

8. பேச்சு சிகிச்சை

மாத்திரை இரைச்சலைத் தணிக்கும். நடந்த சம்பவத்தோடு மனம் கொண்ட உறவை மாற்றுவது பயிற்சி பெற்ற உளவியலாளரின் பேச்சு சிகிச்சைதான். நினைவைத் திரும்பத் திரும்பப் பாதுகாப்பான இடத்தில் எதிர்கொள்ளவைக்கும் முறை 8 முதல் 15 அமர்வும், சம்பவம் குறித்த எண்ணங்களைச் சோதித்துச் சீராக்கும் முறை 12 அமர்வு அளவும் எடுக்கும். கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. "ஆலோசனை தருகிறோம்" என்பவரிடம், அதிர்ச்சி நோய்க்கென்று இவற்றில் எதில் பயிற்சி பெற்றீர்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

முதல் சில அமர்வுகளுக்குப் பின் சிலருக்கு நிலைமை மோசமானதுபோலத் தெரியலாம். கனவு கூடும், பேச்சு குறையும். இடையில் விட்டுவிடுபவர்கள் பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். கட்டியைக் கீறும்போது வலிப்பது போன்றது இது. அந்த வாரங்களில் நெல் அறுவடை, வீட்டுக் கிரகப்பிரவேசம், பெண் பார்க்கப் போவது எதையும் வைக்காதீர்கள். அமர்வு நாளன்று மாலை அவருக்கு வேலை எதுவும் இருக்கக் கூடாது.

"கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்" என்று பெண் தேடும் குடும்பங்களிடம் இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்லுகிறேன்: நோயை ஒரு பெண்ணின் தலையில் கட்டாதீர்கள். காத்துக் கருப்பு என்று பூசாரியிடம் அடித்து ஓட்டுவதும் கூடாது. அடிபட்ட உடம்பு மறுபடி போர்முனைக்கே போய்விடும். சாமி கும்பிடுவதில் அவருக்கு நிம்மதி உண்டென்றால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். மருந்தை நிறுத்தாமல் இருந்தால் சரி.

அவராகவே ஒரு நாள் உங்களிடம் சொல்லத் தொடங்கலாம். குறுக்கே பேசாதீர்கள். "நாட்டுக்காகத்தானே செஞ்சீங்க" என்று சமாதானம் சொல்லாதீர்கள். தன் கண்முன் ஒரு சிறுவன் செத்ததைச் சொல்பவருக்கு அந்த வாசகம் வாயை அடைப்பதாகவே கேட்கும். "சொன்னதுக்கு நல்லதுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்பது போதும். துருவிக் கேட்டு மிச்சத்தை வாங்காதீர்கள்.

9. மனைவியும் பிள்ளைகளும்

இரவெல்லாம் கூடவே விழித்திருப்பவர் மனைவி. வாரத்தில் இரண்டு இரவாவது அவர் வேறு அறையிலோ தாய்வீட்டிலோ தூங்க ஏற்பாடு செய்யுங்கள். அண்ணி மூன்று மாதம் இதைச் சொல்லாமல் தாங்கி, பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

பிள்ளைகளிடம், "அப்பாவுக்கு உங்க மேல கோபம் இல்லை, பழைய சத்தம் இன்னும் காதுல கேக்குது, டாக்டர் பார்த்துட்டிருக்கார்" என்று வயதுக்கேற்பச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் தாங்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடி உதை இருந்தால் நோயைக் காரணம் காட்டிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. மனைவியும் பிள்ளைகளும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண் உண்டு. பிரிந்திருப்பதும் சிகிச்சையைத் தொடர்வதும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

10. ஊனமுற்றோர் ஓய்வூதியத் தாள்கள்

பணியில் வந்த ஊனத்துக்காகப் படையினருக்குத் தரும் ஓய்வூதியம் இது. இதை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. தொடக்கத்திலேயே பணத்தைப் பேசினால், பணத்துக்காக நோயாளி ஆக்குகிறார்கள் என்ற அவமானம் அவருக்கு வரும். ஆனால் தாள்களை முதல் படியிலேயே சேர்த்திருப்பீர்கள்.

நோய் பணியால் உண்டானது அல்லது பணியால் மோசமானது என்பதும், ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாது என்பதும் இதைப் பெற அடிப்படை. மருத்துவக் குழுவின் அறிக்கையில் இந்த இரண்டு இடங்களை முதலில் படியுங்கள். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் அவர் நலமாகவே சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும், மாறாகச் சொல்லும் குழு காரணம் எழுத வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளதால், அவர் விடுவிக்கப்பட்ட தேதியைப் பார்த்து எந்த விதி பொருந்தும் என்பதை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு. மறுப்புக் கடிதத்தின் உறையைக்கூடத் தேதிக்காகப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது.

11. மீண்டும் தலைகாட்டும்போது

குணமானவருக்கும் சில நாள்களில் பழையது திரும்பும். சம்பவம் நடந்த தேதி, நண்பர் இறந்த தேதி, எல்லையில் சண்டை என்று செய்தி ஓடும் வாரம், தீபாவளி. 2025 மே மாதம் எல்லையில் தாக்குதல் நடந்த நாள்களில், மூன்று ஆண்டு நன்றாகத் தூங்கிய ஒருவர் மறுபடி திண்ணைக்கு வந்துவிட்டார். இது தோல்வி அல்ல. மருத்துவரிடம் அடுத்த தேதியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லும் அறிகுறி.

அவர் நலமாக இருக்கும்போதே, அவர் கையெழுத்தில் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். அவருக்கு முதலில் தெரியும் மூன்று அறிகுறிகள், அப்போது வீட்டார் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது, அழைக்க வேண்டிய இரண்டு பேர், மருத்துவரின் பெயர், இப்போது சாப்பிடும் மாத்திரையின் அளவு, 14416. இதை பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். நோயின் நடுவில் நீங்கள் சொன்னால் கேட்காதவர், தான் எழுதியதைக் காட்டினால் கேட்பார்.

அண்ணன் எழுதிய தாளில் முதல் அறிகுறி, "தாழ்ப்பாளை இரண்டாம் முறை பார்க்கப் போவேன்" என்பது. செய்யக் கூடாதது என்ற இடத்தில், "என் பின்னால் வந்து நிற்காதீர்கள், திண்ணையில் எதிரே உட்காருங்கள்" என்று எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு நோன்பியின்போது அந்தத் தாளில் இன்னொரு வரியையும் அவரே சேர்த்தார்: "வேட்டு போடும் இடத்திலிருந்து புளியமரம் வரை என்னால் நிற்க முடியும்."